இரண்டாம் ஜோனில் ஒரு முகம்

முத்துமாரியின் முகத்தை நான் தெரிந்தேதான் இருட்டில் தள்ளினேன். கை தவறவில்லை, கணக்கும் தவறவில்லை. தெரிந்தே செய்தேன்!

செய்ததோடு விட்டேனா? பழியையும் அவள் மேலேயே போட்டேன்.

ஒரு போட்டோவுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று நீங்கள் கேட்பீர்கள். கேளுங்கள். அப்படிக் கேட்டுத் தப்பித்துக்கொள்ள எனக்கும் ஆசைதான்...

எல்லாம் ஒரு வரியில் தொடங்கியது. ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து, கறுப்பு வெள்ளை பிலிமுக்கு ஒளி அளக்கும் ஜோன் முறையை ஒரு பழைய ஆங்கிலப் புத்தகத்திலிருந்து நானாகவே கற்றுக்கொண்டிருந்தேன். சுத்தக் கறுப்பு பூஜ்யம், வெறும் வெள்ளை பத்து, நடுச்சாம்பல் ஐந்து. லைட் மீட்டருக்கு உலகமே நடுச்சாம்பல்தான். கரியைக் காட்டினாலும் சுண்ணாம்பைக் காட்டினாலும் ஐந்து என்றே அளக்கும். எதை எந்த ஜோனில் வைப்பது என்று தீர்மானிக்க வேண்டியவர்கள் நாம்தான்.

அந்தப் பக்கத்தில், மனிதத் தோல் என்றால் ஆறாம் ஜோன் என்று போட்டிருந்தது.

எந்த மனிதர்? யாருடைய தோல்? என் கையைத் திருப்பிப் பார்த்தேன், ஐந்துகூடத் தேறாது. கூமாப்பட்டி வெயிலில் தினமும் ஓடிப் பழகும் முத்துமாரி நாலு. அப்படியென்றால் நாங்கள் மனிதக் கணக்கிலேயே சேர்த்தி இல்லையா? புத்தகத்தைச் சுவரில் வீசி அடித்தேன். பிறகு எடுத்துவந்து மிச்சத்தையும் படித்தேன், அது வேறு கதை!

உடனே அவளுக்குப் போன் போட்டேன். கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். இப்போது அவள் போலீஸ் தேர்வுக்குத் தயாராகிறாள். உன் முகத்தை நாலாம் ஜோனில் வைத்து எடுக்கப் போகிறேன் என்று கத்தினேன்.

"நாலோ நாப்பதோ, எனக்கென்னட்டி தெரியும்? பள்ளிக்கூடத்து குரூப் போட்டோவுல எனக்குப் பல்லு மட்டுந்தான் இருக்கும். ஆதார் கார்டுல அதுவும் கெடையாது. நீயாச்சும் எம் மூஞ்சிய மூஞ்சியா எடு" என்றாள்.

சத்தியம் செய்யாத குறையாக வாக்குக் கொடுத்தேன்.

அவள் வீட்டில் எங்கள் ராஜபாளையத்து நாய் ஒன்று வளர்கிறது. பால் வெள்ளை, ரோஜா நிற மூக்கு. நான் போன நேரம் அவள் தகரக் கொட்டகையின் நிழலில் நின்றாள். நாய் அவள் காலடியில், வெயிலில். பார்த்ததும் கேமராவை எடுத்துவிட்டேன்!

மீட்டரை எடுத்து அளந்தேன். முகத்தை நாலில் வைத்தால் நாய் ஒன்பதில் போய் வெந்துவிடும். நாயை ஏழில் நிறுத்தினால் முடி முடியாகத் தெரியும். முகம் இரண்டில் விழும். இரண்டு என்றால்... ஏதோ இருக்கிறது என்று தெரியும், அவ்வளவுதான். கண்ணும் இராது, கன்னமும் இராது.

வழி இல்லாமல் இல்லை. முகத்துக்கு ஒளி கொடுத்துவிட்டு, டெவலப்பரில் பிலிமை வைக்கும் நேரத்தைக் குறைத்தால் நாயும் பிழைக்கும். ஆனால் அதே ரோலில், மேகமூட்டத்தில் எடுத்த ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரங்கள் இருந்தன. ரோல் முழுவதும் ஒன்றாகத்தான் டெவலப் ஆகும். நேரத்தைக் குறைத்தால் கோபுரமெல்லாம் சாம்பல் குழம்பாகிவிடும். ஆகவே நாயை ஏழில் வைத்தேன்.

இல்லை... அதுவும் சாக்கு! அவளை ஓர் அடி முன்னால் வெயிலுக்கு வரச் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. இருட்டுக்கு முன்னால் அந்த வெள்ளை தெறிக்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அந்த இருட்டுக்கு அவளைப் பயன்படுத்திக்கொண்டேன். புத்தகமாவது எங்களைக் கண்டதில்லை. நான் கண்டவள், மீட்டரை அவள் கன்னத்தருகே பிடித்து அளந்தவள்! என் கோபத்துக்கு என்ன யோக்கியதை?

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மண்டபத்தில் நடந்த கண்காட்சியில் அந்தப் படத்தை வாசலுக்கு நேராக மாட்டினார்கள். முத்துமாரி புதுச் சுடிதாரில் வந்தாள். படத்தின் முன்னால் இரண்டு ஆண்கள் நின்றிருந்தார்கள்.

"எம்புட்டு நேர்த்தியா இருக்கு பாரு, முடிய எண்ணிரலாம் போலயே!"

"பின்னால என்னண்ணே அது, நெழலா?"

"நெழல் இல்லண்ணே, நாந்தான்" என்றாள் அவள், அவர்களுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு.

அவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பிறகு என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டாள்: "ஏட்டி, நாலுன்னியே, என்னாச்சு?"

அப்போதாவது உண்மை வாயில் வந்ததா? "பிலிம் அப்படித்தான்டி... உன் கலரு அதுக்கு ஒத்துக்கிடாது" என்றேன்.

எத்தனை சுலபமாக வந்தது பாருங்கள்! யார் சொன்னாலும் சண்டைக்குப் போயிருப்பேனே, அந்தச் சொல் என் நாக்கிலேயே தயாராக இருந்திருக்கிறது!

"அப்பச் சரி" என்றாள். பால்கோவா வாங்கித் தரச் சொன்னாள். வாங்கித் தந்தேன். தின்றோம்.

அதற்குப் பிறகு ஒரு தோழியின் வளைகாப்பில் எல்லோரும் படத்துக்கு நின்றபோது, முத்துமாரி போனைப் பிடுங்கிக்கொண்டாள். "நான் எடுக்கேன், நீங்க நில்லுங்க. எனக்கு பிலிமே ஒத்துக்கிடாதாம், இவதான் படிச்சுட்டுச் சொன்னா." கூட்டமே சிரித்தது. அது பிலிம்கூட இல்லை, போன்! என் பொய்யை அவள் தன் உடம்பின் குறையாக எடுத்துக்கொண்டுவிட்டாள்... நகைச்சுவையாகச் சொல்லவும் பழகிவிட்டாள்.

என்னை மன்னித்துவிடாதீர்கள். படம் நன்றாக இருக்கிறது என்றும் சொல்லாதீர்கள். சொன்னால் கெட்ட கோபம் வரும் எனக்கு.

வருகிற ஞாயிறு கூமாப்பட்டிக்குப் போகிறேன். ரோல் முழுவதும் அவளுக்கு மட்டும். அவள் கேமராவின் முன் நிற்பாள் என்று எந்த உறுதியும் இல்லை. நிற்காவிட்டாலும் போகத்தான் வேண்டும். நாயா நீயா என்று வந்தபோது உன் முகத்தை அளந்துவிட்டுத்தான் இருட்டில் விட்டேன் என்று, அந்த முகத்தைப் பார்த்தே சொல்ல வேண்டும்.

அதைக் கேட்டதும் அவள் முகம் எந்த ஜோனில் விழும் என்று எனக்குத் தெரியாது.