மழைக்கோட்டுக் குழுவில் ஒருவர் மட்டும்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி ரயிலில் கோலாலம்பூரிலிருந்து கிளம்பினேன். பட்டர்வொர்த் வரை நாலு மணி நேரத்துக்கு மேல். ஐம்பத்து மூன்று வயதுக்கு இந்த இருக்கைகள் ஒத்துவருவதில்லை. தைப்பிங் தாண்டுவதற்குள் இடுப்பு மரத்துவிட்டது.

மேடை நிகழ்ச்சி நடத்தும் ஒரு நிறுவனத்துக்காக ஊர் ஊராகப் போய், வாசிக்கிறவர்களைக் கேட்டுவிட்டு, ஆள் தேறுமா தேறாதா என்று சொல்வது என் வேலை. இந்த முறை, சென்னையிலிருந்து வரும் சினிமாப் பாடகர் ஒருவருக்குப் பின்னால் வாசிக்க சாக்சபோன்காரர் வேண்டும். பினாங்கில் ‘மழைக்கோட்டு’ என்றொரு ராக் குழு இருக்கிறது, ஜாஸ் கலந்து வாசிப்பார்கள், அதில் ஷாகுல் என்பவரைப் பார் என்றார்கள். குழுவில் மூன்று பேர். வேண்டியது ஒருவர். இந்த மாதிரிச் செய்தியை நான் பல ஊர்களுக்குக் கொண்டு போயிருக்கிறேன். பழகிவிட்டது என்று சொல்ல முடியாது.

பன்னிரண்டு மணிக்கு பினாங்குத் தீவுக்கு ஃபெர்ரி ஏறினேன். கட்டணம் இரண்டு வெள்ளி. பக்கத்தில் நின்றவர் என் பையைப் பார்த்து, “சுத்திப் பாக்க வந்தீங்களாண்ணே?” என்றார்.

“பாட்டுக் கேக்க.”

“கோயில்ல இன்னைக்கு விசேஷம் ஒண்ணும் இல்லையே,” என்று கவலையோடு சொன்னார்.

சூலியா தெருவில் ஓர் அறை, எண்பத்தைந்து வெள்ளி. வெயிலில் நடந்து வந்த களைப்பில் செருப்பைக் கழற்றாமலே ஒரு மணி நேரம் தூங்கிப்போனேன்.

மூன்றரைக்கு, அதே தெருவில் பைகள் விற்கும் ஒரு கடையின் மேல்மாடிக்குப் போனேன்; ஞாயிறுதோறும் குழு அங்கேதான் வாசிக்கும். நுழைவுக்குப் பதினைந்து வெள்ளி. பிளாஸ்டிக் நாற்காலிகளில் என்னையும் சேர்த்து ஒன்பது பேர். கிதார் வாசிக்கும் லோகேஸ்வரிக்கு பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை; இரவு ஷிப்ட் முடித்து காலை எட்டுக்குத்தான் வீடு திரும்பியிருக்கிறார். டிரம்ஸ் வாசிக்கும் குணா, பைராம் என்ற தோட்டத்திலிருந்து நாற்பது கிலோமீட்டருக்கு மேல் மோட்டார் சைக்கிளில், கடல் பாலம் தாண்டி வந்திருந்தார். ஷாகுலுக்கு இரண்டு கடை தள்ளி நாணயமாற்றுக் கடையில் வேலை. மூவரும் நாற்பதைத் தொட்டவர்கள்.

முதல் பாட்டு தொடங்கியதும் சாய்ந்திருந்தவன் நிமிர்ந்தேன். குணா ஏழு ஏழாக எண்ணி அடித்தார். கிதார் அதன்மேல் நாலு நாலாக, முரட்டுத்தனமாக ஓடியது. எங்கே போய் இடிக்கப்போகிறதோ என்று நான் பதறும்போது இரண்டும் மோதாமல் ஓரிடத்தில் வந்து சேர்ந்தன. நடுவில் லோகேஸ்வரியின் கிதாரில் ஒரு கம்பி அறுந்தது. அவர் முகத்தில் மாற்றமே இல்லை. மிச்சமிருந்த ஐந்து கம்பிகளில் விரல்களை வேறு இடத்துக்கு நகர்த்தி வாசித்துக்கொண்டே போனார். ஷாகுல் பெரும்பாலும் காத்திருந்தார். பிறகு ஒரே ஒரு சுரத்தை ஊதி, அதை மெல்ல மெல்லக் கீழே இறக்கினார். முன்வரிசையில் விசிறிக்கொண்டிருந்த பெண்மணி விசிறுவதை நிறுத்திவிட்டார்.

நாலரைக்கு மேல் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலிலிருந்து தொழுகைக்கான பாங்கு கேட்டது. பாட்டின் நடுவிலேயே மூவரும் நிறுத்தினார்கள். குணா குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டார். பாங்கு முடிந்தது. லோகேஸ்வரி தலையை லேசாக அசைத்தார். விட்ட அதே அடியிலிருந்து, எண்ணாமலே, மூவரும் சேர்ந்து தொடங்கினார்கள். முப்பது வருஷமாக மேடைகளைப் பார்க்கிறேன். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

ஆறு மணிக்கு பள்ளிவாசல் சாலையில் சோறும் குழம்பும் விற்கும் ஒரு நாசி கண்டார் கடையில் நால்வரும் உட்கார்ந்தோம். கோழியும் வெண்டைக்காயும் வைத்து ஒரு தட்டு பதினான்கு வெள்ளி. பாதி சாப்பாட்டில் விஷயத்தைச் சொன்னேன். ஷாகுல் கையை நிறுத்தினார்.

“மூணு பேருக்குமா அண்ணே?”

“உங்களுக்கு மட்டும்.”

அவர் மறுப்பார் என்று எதிர்பார்த்தேன். மறுக்க வேண்டும் என்றும் ஆசைப்பட்டேன். என் வேலைக்கு அது துரோகம்தான். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, “போறேன்” என்றார். கொஞ்சம் கழித்து, “பெரிய ஸ்பீக்கர்ல என் சத்தம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. ஒரு தடவை கேக்கணும்” என்றார்.

குணா, “எந்தத் தேதிண்ணே?” என்று கேட்டார். சொன்னேன். “ஞாயித்துக்கிழமை லா. அன்னைக்கு இங்க வாசிக்கணுமே.”

“வாசிப்போம்,” என்றார் லோகேஸ்வரி. கண்கள் தூக்கமில்லாமல் சிவந்திருந்தன. “பத்துப் பேர் வராங்க, அதுல மூணு பேரு வெயிலுக்கு ஒதுங்கறவங்க. மிச்ச ஏழு பேர விட்டுட்டா கடைய மூடறது?”

“இவன் இல்லாம எப்படி?”

“பாட்டுல இவன் வாசிக்கிற இடத்தக் காலியா விட்டு வாசிப்போம்.” அவர் ஷாகுல் பக்கம் திரும்பினார். “போய்ட்டு வா. அங்க எவனாவது வேகமா எண்ணுனா நீயும் ஓடாத.”

ஷாகுல் சரியென்று தலையாட்டினார். குணா மட்டும் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

மறுநாள் காலை எட்டு மணி ஃபெர்ரியில் நிறுவனத்துக்குப் போன் செய்தேன்.

“ஆள் எப்படி?”

“நல்லா வாசிக்கிறார். கூட ரெண்டு பேர் இருக்காங்க. அவங்களையும் எடுத்தா—”

“மேடையில இடம் இல்லண்ணே.”

நிகழ்ச்சி நடக்கும் எங்கள் ஊர் மண்டபத்தில் மூவாயிரம் பேர் உட்காரலாம். ஏசியும் உண்டு, நல்ல ஸ்பீக்கர்களும் உண்டு. ஷாகுல் அங்கே பாடகருக்குப் பின்னால், மூன்றாவது வரிசையில் நிற்பார். அவர் ஆசைப்பட்டது கிடைக்கும். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆள் பார்த்துச் சொன்னதோடு என் பொறுப்பு முடிந்தது. நிகழ்ச்சியன்று என்னை யாரும் தேடப்போவதில்லை.

பட்டர்வொர்த் நிலையத்தில் ரயிலுக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. டிக்கெட் கவுண்டரில் போய் நின்று, நிகழ்ச்சி நடக்கும் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு, காலை ஏழு மணி ரயிலில் கோலாலம்பூரிலிருந்து பட்டர்வொர்த்துக்கு ஒரு சீட்டு கேட்டேன்.