தூரத்தால் வகு

ஆசிரியை கரும்பலகைக்கும் கடைசி வரிசைக்கும் நடுவே அளவு நாடாவை இழுத்துக்கொண்டு நடக்கிறார். வரைபட வகுப்பில் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. நாற்காலியில் அவருடைய பைதான் உட்காரும். "கண்ணுக்கும் முன்னால நிக்கிற கண்ணாடித் தகட்டுக்கும் அம்பது சென்டிமீட்டர். மூணு மீட்டர் தூண், ஆறு மீட்டர் தள்ளி நிக்குது. படத்துல எவ்வளவு உசரம்?" பதில் வருவதற்குள் அடுத்த வரிசைக்குப் போய்விடுகிறார். "அம்பதால பெருக்கு, தூரத்தால வகு. இருபத்தஞ்சு! இதுக்கு ஏம்ப்பா மோட்டுவளையப் பாக்குற?"

பொறியியல் மாணவர்கள் வைத்த பெயர் 'வகுத்தலம்மா'. பக்கத்து அறையில் இயற்பியல் நடத்தும் எனக்கு அந்தக் குரல் சுவரைத் தாண்டி வரும்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் பட்டறையில் தெறித்த இரும்புச் சில்லு அவருடைய இடக்கண்ணைப் பறித்தது. அதுவரை "பாரு, வரை" என்று கண்திட்டமாகச் சொல்லித் தந்தவர்தான். பிறகு படியும் தரையும் ஒன்றாகத் தெரிந்தன. "கண்ணு ஏமாத்துது சார், கணக்கு ஏமாத்தாது" என்றார் என்னிடம், சாவிக்கொத்தை உருட்டியபடியே.

போன மாதம் துறைத்தலைவர் அந்த வகுப்பைத் தானே எடுத்துக்கொள்வதாக ஆணை எழுதினார். "ஒத்தக் கண்ணோட ஆழத்த எப்படிம்மா சொல்லித் தருவீங்க? தப்பா எடுத்துக்காதீங்க."

"தாழ்வாரத் தூண நீங்களும் வரைங்க, நானும் வரையறேன். அப்புறம் கையெழுத்துப் போடுங்க."

போட்டி நாளன்று காலை ஆசிரியை என் அறைக்கு மூன்று முறை வந்தார்; மூன்று முறையும் எதற்கு வந்தோம் என்பதை மறந்து திரும்பினார்.

ஆறு மீட்டருக்கு ஒன்றாக மூன்று தூண்கள். முதலாவது இருபத்தைந்து சென்டிமீட்டர், அடுத்தது அதில் பாதி. அதுவரை இருவர் படமும் ஒன்றுதான். மூன்றாவதைத் துறைத்தலைவர் இன்னொரு பாதியாக்கி, ஆறு சொச்சத்தில் நிறுத்தினார். ஆசிரியை பதினெட்டால் வகுத்துப் பார்த்து, எட்டு சென்டிமீட்டர் மூன்று மில்லிமீட்டருக்குக் கோடிழுத்தார்.

சரிபார்க்க, கண்ணுக்கு அரை மீட்டர் முன்னால் கண்ணாடித் தகட்டை நிறுத்தி, தெரிவதை அதன்மேலேயே வரைய வேண்டும். துறைத்தலைவர் பேனாவை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். "என்னம்மா, தூணு ரெண்டு ரெண்டா தெரியுது?"

"ஒரு கண்ண மூடிக்கோங்க சார்."

மாணவர்கள் சிரிப்பை விழுங்கினார்கள். அவர் மூடினார், வரைந்தார், அளவுகோலை வைத்துப் பார்த்தார். எட்டு, மூன்று. ஆணைக் காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

பிறகு ஆசிரியர் அறையில், குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்த ஆசிரியையிடம் துறைத்தலைவரே தேநீர்க் கோப்பையை நீட்டினார். ஆசிரியையின் விரல்கள் நான்கு விரற்கடை முன்னதாகவே வெறுங்காற்றில் மூடிக்கொண்டன. அந்த விரல்கள் மறுபடி வந்து சேரும் வரை, அவர் கோப்பையை அசைக்காமல் பிடித்தபடி நின்றார்.