சுவருக்கு அந்தப் பக்கத்து நீலம்

காம்னிக் மலையடியில் பொலோனாவின் பாலாடைக்கட்டியைக் குறை சொன்ன ஆள் கிடையாது. அப்பேர்ப்பட்டவள் வயிறெரிந்தது விரல் உயரம்கூட இல்லாத ஒரு பூவுக்காக.

அந்த நீல மணிப்பூ மலைமேல் சுண்ணாம்புச் சரளையில் கேட்பாரற்றுக் கிடக்கும். ஒவ்வொரு வருஷமும் மேய்ச்சல் முடிந்து மாடுகளோடு இறங்கும்போது ஒரு கொத்தை வேரோடு கொண்டுவந்து, முற்றத்துக் கல்தொட்டியில் நடுவாள். மக்கிய சாணத்தை அள்ளி அள்ளிப் போடுவாள். கட்டிய புருஷனுக்குக்கூட அந்த உபசாரம் நடந்ததில்லை. பனி உருகியதும் பார்த்தால் தொட்டியில் கறுத்த சேறுதான் இருக்கும்.

இடுப்புயரச் சுவருக்கு அந்தப் பக்கம் ஓரகத்தி நேஷ்காவின் வீடு. உரம் கிடையாது, தண்ணீர் கிடையாது. சுவரடிக் கற்குவியல் முழுக்க நீலம். பொலோனாவின் கணவன் காஷ்பெர் தினமும் மாலையில் சுவரில் சாய்ந்து நின்று அதைப் பார்ப்பான். அண்ணியின் கைராசியே தனி என்பான். இருபது வருஷத்தில் தன் கையைப் பற்றி அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று இவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அதனால் வசந்தந்தோறும், ஆளில்லாத நேரம் பார்த்து, தொட்டிச் சேற்றை வாரி நேஷ்காவின் கற்குவியல்மேல் கொட்டுவாள். அவள் பூவும் அழுகித் தொலையட்டும் என்றுதான்.

ஏழாவது கோடையில் பொறுக்க முடியவில்லை. ஒரு துண்டு பாலாடைக்கட்டியோடு போய்க் கேட்டேவிட்டாள்.

"எப்படிக்கா வளக்குற? மறைக்காம சொல்லு."

"நான் எங்கடி வளத்தேன்? தானா முளைச்சது முதல்ல ஒரு கொத்துதான், மத்ததெல்லாம் வருஷா வருஷம் நீ கொட்டுறதுலேர்ந்துதான் வருது. மேல கருகுனாலும் உள்ள நூலு மாதிரி வேரு உசுரோட இருக்கும். உன் சாணியில அதுக்கு மூச்சு முட்டுது. இங்க மழை சாணியக் கழுவிவிட்டுடும், வேரு கல்லிடுக்குல ஓடிப் புடிச்சுக்கும்." நேஷ்கா கட்டியை வாங்கி முகர்ந்தாள். "அந்தச் சேத்த நீ பிரியமா குடுக்குறதாத்தான் நெனச்சேன்."

பொலோனாவால் அங்கே நிற்க முடியவில்லை.

அன்று மாலை களியும் புளித்த பாலும் எடுத்து வைத்தாள். காஷ்பெர் சுவரடியிலிருந்து வந்து உட்கார்ந்தான்.

"என்ன இருந்தாலும் அண்ணி கை யாருக்கும் வராது."

அது என் கை என்ற சொல் பொலோனாவின் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால், எதற்காகக் கொட்டினாள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

"ஆமாங்க," என்றாள். "ஆறிடப் போகுது, சாப்பிடுங்க."