பதினோரு தட்டுகளும் ஒரு துண்டுக் கேக்கும்

டிங்.

பீங்கான் தட்டின் ஓரத்தை நகத்தால் சுண்டும்போது எழும் ஓசை அது. மலாக்காவில் வெள்ளைக்காரர்கள் பெட்டி கட்டிக்கொண்டிருந்த மாதங்களில், ஒரு பங்களா வராந்தாவில் முதன்முதலாகக் கேட்டேன். நல்ல தட்டு பாடும். விரிசல் விட்ட தட்டு இருமும். பழைய பண்டிகைத் தட்டுகளையும் வாழ்த்து அட்டைகளையும் வாங்கி விற்கும் தொழிலில் கற்க வேண்டிய வித்தை இது ஒன்றுதான். மீதி எல்லாம் வியாதி.

கல்லூரியில் கவிதை படித்தவள், இரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் பாடம் சொன்னவள், மலாக்கா காஜா பேராங் பகுதியில் வீட்டு முன்னறையில் அடுத்தவர் தின்ற தட்டை அடுக்கிவைத்து உட்கார்ந்திருக்கிறாளே என்று உறவினர்கள் வருந்தினார்கள். உங்கள் வீட்டிலும் திறந்தால் மூட முடியாத அலமாரி ஒன்று இருக்குமானால், நீங்களும் என் வார்டு நோயாளிதான். உங்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

பனி விழும் மலாக்கா

செங் என்ற ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி ஒருவர், நாகப்பட்டினத்திலிருந்த மாமனாருக்குப் பொங்கல் வாழ்த்து அனுப்ப அட்டை கேட்டு வந்தார். கரும்பும் சூரியனும் போட்டது என்னிடம் ஏது? இருந்தவையெல்லாம் வெள்ளைக்காரர்கள் எழுதாமல் விட்டுப்போன கிறிஸ்துமஸ் அட்டைகள்: பனி மூடிய கூரை, புகைபோக்கி, கம்பளிக் குல்லாய் போட்ட பிள்ளைகள். உள்ளதிலேயே பெரிய வீடாகப் பார்த்து எடுத்தார். அதன் மாடி ஜன்னலில் பேனாவால் ஒரு பெருக்கல் குறி போட்டு, பின்புறம் "நாங்கள் இருக்கும் இடம்" என்று எழுதினார். நான் விசிறியை எடுத்து விசிறிக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து வியர்த்து வழிய மறுபடியும் வந்தார். "டீச்சர், மாமனார் கம்பளிக் கோட்டு அனுப்பிட்டாரு. அதுகூடப் பரவால்ல. அதைப் போட்டுக்கிட்டு அந்த வீட்டு வாசல்ல நின்னு ஒரு போட்டோ எடுத்து அனுப்பணுமாம். அதே வீடு பெரிய சைசுல இருக்கா?"

நல்லதாக ஏதாவது

கப்பலேறும் அவசரத்தில் இருந்த துரை வீட்டு மேம், மேசைமேல் தட்டுகளைப் பரப்பினார். ஓரம் முழுக்க முள் முள்ளாகப் பச்சை இலை, இடையிடையே சிவப்புப் பழம், நடுவில் ஒரு மணி. வருடத்துக்கு ஒரு நாள் மட்டும் வெளியே வரும் தட்டுகள். ஒவ்வொன்றாகச் சுண்டினேன். பதினொன்றும் பாடின. அப்படிப் பாடியிருக்க வேண்டாம். அன்று பிடித்தது எனக்கு அந்த வியாதி.

பன்னிரண்டாவது எங்கே என்று கேட்டேன். மேம் கைக்குட்டையை மடித்தபடி சொன்னார்: "ஓரத்தில் உடைந்துவிட்டது, அதனால் எங்கள் சமையல்காரருக்குக் கொடுத்தேன். முப்பது வருடம் எங்களுக்குக் கேக் செய்தவர். போன வருடம் இறந்துவிட்டார், பாவம். அவருக்கு நல்லதாக ஏதாவது கொடுக்க வேண்டும் என்று எப்போதும் நினைத்துக்கொண்டே இருந்தேன்."

முறுக்குக்குக் காவல்

நாடு சுதந்திரம் அடைந்ததும் பதவி உயர்ந்து பங்களாவுக்குக் குடிபோன நம் அதிகாரி ஒருவர், தீபாவளி விருந்துக்குத் தட்டு கேட்டார். "வெள்ளைக்காரன் பார்த்தா வெக்கப்படணும், அந்த மாதிரி." பதினொன்றை நான் காட்டவில்லை. வேறு தட்டுகளை, கிறிஸ்துமஸ் தாத்தா சிரித்துக்கொண்டிருக்கும் வகையைக் கொடுத்தேன்.

விருந்துக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். அதிகாரியின் அண்ணன் தெங்கேராவில் மீன் வியாபாரம் செய்பவர். தன் தட்டில் முறுக்குகளை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். ஒவ்வொன்றின் அடியிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாகத் தாடி வெளிப்பட்டது. கூடம் முழுக்கக் கேட்கும்படி தம்பியைக் கூப்பிட்டார்: "டேய், அவன் கப்பலேறிப் போயிட்டான் சரி. அவன் தாத்தாவ ஏண்டா நம்ம முறுக்குக்குக் காவல் வெச்சுட்டுப் போயிருக்கான்?"

பல் போன வாய்

பதினொன்றையும் கண்ணாடி அலமாரியில் நிறுத்தினேன். நடுவில் ஓர் இடம் காலி. சேர்ப்பவர்களுக்குத் தெரியும்: இருக்கும் பதினொன்று கண்ணில் படாது, இல்லாத ஒன்றுதான் படும். அந்த இடைவெளியைப் பார்த்தபடி காபி குடித்தேன். கவிதையில் ஒரு சீர் குறைந்தால் காது எப்படி அரிக்குமோ, அப்படி அரித்தது.

சிங்கப்பூரிலிருந்து அட்டை வாங்க வரும் சக நோயாளி ஒருவர், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அலமாரியை வெகுநேரம் பார்த்தார். ஆறுதல் சொல்வார் என்று காத்திருந்தேன். "பெரிய வீட்டுப் பொண்ணு, எல்லாம் சரி. சிரிச்சாத்தான் முன்பல் இல்ல."

ஏமாற்றியது யார்

அந்தச் சமையல்காரர் கம்போங் செட்டிக்காரர் என்று பிறகு தெரிந்தது. என் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. அவர் மகள் லெட்சுமியை எல்லோரும் பீபிக் என்பார்கள். மூத்த பெண்களை அங்கே அப்படித்தான் மரியாதையாக அழைப்பது. போகிக்கு முதல் நாள், ரோஜாப்பூப் போட்ட புத்தம்புதுத் தட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். பீபிக் சந்தைக்குப் போகும் நேரம் எனக்குத் தெரியும் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

வீட்டில் இருந்தவள் பீபிக்கின் மருமகள் தேவி. கல்யாணமாகி வந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. புதுத் தட்டை நீட்டி, பழையதைக் கேட்டேன். பல தலைமுறைக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து வந்து மலாக்காவிலேயே வேரூன்றிய செட்டி மக்கள் வீட்டில் பேசுவது ஒரு வகை மலாய். நானும் மலாயில்தான் கேட்டேன். அவள் உள்ளே போய் எடுத்து வந்தாள். சுண்டினேன், இருமியது. அதுதான். தேவி புதுத் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு கூச்சத்தோடு சிரித்தாள். "இது ஒடஞ்சது டீச்சர். நாங்கதான் உங்கள ஏமாத்துறோம்."

யாருடைய கேக்

மறுநாள் நடுப்பகலில் பீபிக் லெட்சுமி என் வாசலில் நின்றார். உடம்பில் நல்ல கெபாயாச் சட்டை, கையில் அந்த ரோஜாத் தட்டு. போகியன்று செட்டி வீடுகளில் முன்னோருக்குப் படைப்பார்கள், பார்ச்சு என்பார்கள். இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைத்து, கதவைச் சாத்திவிட்டு, அவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை வெளியே காத்திருப்பார்கள். இலையில் சோறும் மீனும் வைத்தாயிற்று என்றார். அப்பாவுக்கு ஒரு துண்டுக் கேக் வைப்பது வழக்கம்; அதற்கு அந்தத் தட்டுதான். மருமகள் தெரியாமல் கொடுத்துவிட்டாள், வீட்டில் எல்லோரும் காத்திருக்கிறார்கள்.

தட்டு சிங்கப்பூருக்குப் போய்விட்டது என்று சொல்ல எனக்கு ஒரு வாக்கியம் தயாராக இருந்தது. நல்ல இலக்கணத்தோடு இருந்தது. அதைச் சொல்லத் துணிவில்லாமல், எந்தத் தட்டில் வைத்தால் என்ன பீபிக், இது புதிதாயிற்றே என்றேன். அவர் கோபப்படவில்லை, பிள்ளைக்கு விளக்குவதுபோல விளக்கினார். "எங்க அப்பா முப்பது வருஷம் அடுத்தவங்க தட்டுல கேக் வெட்டி வெச்சவரு. கத்தில ஒட்டுன தூளைத்தான் தின்னாரு. இந்தப் புதுத் தட்டுல வெச்சா, இது வேற யாருக்கோ உள்ளதுன்னு நெனச்சுத் தொடாமப் போயிருவாரு டீச்சர்."

கணக்கு முடிந்த விதம்

அலமாரியைத் திறந்தேன். உடைந்த பக்கத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தேன். பீபிக் அதைக் கவனித்தார், தன் தட்டை எடுத்துக்கொண்டார். ரோஜாத் தட்டைத் துடைத்து என்னிடமே கொடுத்துவிட்டு வெயிலில் நடந்தார். சாயங்காலம் தேவி இலையில் சுற்றிய ஒரு துண்டுக் கேக் கொண்டுவந்தாள். முன்னோர் உண்டு மிஞ்சியது. சாப்பிட்டேன்.

அதன்பின் பதினொன்றோடு வாழப் பழகிக்கொண்டேன். பல வருடம் கழித்து ஒரு போகிக்கு முதல் நாள், தலை நரைக்கத் தொடங்கியிருந்த தேவி வந்து அலமாரி முன் நின்றாள். "தாத்தா தட்டுக்குப் பக்கத்துல வேற மாதிரி தட்டு வெச்சா நல்லா இருக்காது டீச்சர். அத்தைக்கும் ஒண்ணு வேணும்."

பன்னிரண்டைத் துரத்திய என் வாழ்நாள் சேகரிப்பு இப்படியாகப் பத்தில் வந்து நின்றது. பீபிக் லெட்சுமி அதற்கு முந்தைய மழைக்காலத்தில், சந்தையிலிருந்து திரும்பி மதியம் படுத்தவர், எழுந்திருக்கவில்லை.