நான் கலைத்த ஏடு

மரக்காணம் உப்பளத்தில் நானும் என் மனைவியும் சேர்ந்துதான் வேலை செய்தோம். அவள் இடது கால் கட்டைவிரலடியில் கிளிஞ்சல் கிழித்த புண், சர்க்கரை நோயால் அரை வருஷமாகியும் ஆறவே இல்லை. "ஒரு மாசம் பார்ப்போம். ஆறலைன்னா விரலை எடுத்துடணும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அப்போதுதான் நர்ஸ் புதுசாக ஒரு கட்டுப் போட்டார். கண்ணாடித் தாள் மாதிரி மெல்லிய ஏடு. "இறால் ஓட்டுலேர்ந்து எடுக்கறாங்க. உள்ள கண்ணுக்கே தெரியாத வெள்ளித் தூள் இருக்குது, கிருமியைக் கொல்லும். அஞ்சு நாளைக்குக் கை வெக்காதீங்க" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. இறால் ஓடு குப்பையில் கிடந்து நாறும். அதைப் புண்ணில் வைப்பதா? கண்ணுக்கே தெரியாத வெள்ளியை யார் பார்த்தது? காசும் கேட்கவில்லை, கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டார்கள். "ஏழை காலுன்னா எதை வேணா ஒட்டிப் பார்ப்பாங்க" என்று வழியெல்லாம் பொருமினேன்.

"உனக்குப் பெத்த தாய் மேலயே சந்தேகம் வரும்யா. சும்மா வா" என்றாள் அவள்.

இரண்டாம் நாள் மதியம் அவள் அசந்து தூங்கும்போது மெல்லக் கட்டைப் பிரித்தேன். ஏடு குழைந்து கொழகொழவென்று கிடந்தது. சீழ்தான், வேறென்ன! உப்புப் பாத்தியில் மேலே ஏடு படர்ந்தால் நாங்கள் விடமாட்டோம், பலகையால் கலைத்துவிடுவோம். அப்போதுதான் அடியில் உப்பு நன்றாக விளையும். முப்பது வருஷக் கைப்பழக்கம். வழித்தெடுத்தேன். அளத்துத் தண்ணீரால் கழுவினேன். மரத்துப்போன கால், அவளுக்கு உறைக்கவில்லை. பழையபடி கட்டிவிட்டேன். அடுத்த ஏட்டுக்கும் அதே கதி, அதற்கடுத்ததற்கும்.

மூன்றாம் முறை கட்டைப் பிரித்த நர்ஸ், துணி ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருந்ததைச் சுரண்டிப் பார்த்தார். "உப்பு! அளத்துல எறங்குறியாம்மா? நான் ஒட்டுன ஏடு குழைஞ்சு புண்ணை மூடியிருக்கணும். அதுதான் மருந்தே. ஒண்ணையும் காணோமே!"

"என் புள்ளைங்க மேல சத்தியமா எறங்கல சிஸ்டர்" என்று அவள் அழுதாள்.

"இன்னும் பதினஞ்சு நாள்தான் இருக்குது. விரல் போனா அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாத."

நான் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீசைப் படித்துக்கொண்டிருந்தேன். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"நீயாவது சொல்லேன்யா. நான் வூட்டை விட்டு எங்கனா போனேனா?"

அதற்குமேல் தாங்கவில்லை. "நாந்தான் சிஸ்டர்" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நர்ஸ் பக்கம் காலை நீட்டினாள். திட்டியிருந்தால் தேவலை.

டாக்டர் இன்னும் ஒரு மாதம் தவணை கொடுத்தார். இந்தத் தடவை ஏட்டை யாரும் தொடவில்லை. புண் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி மூடிக்கொண்டது. விரல் தப்பியது. ஆனால் இன்றும் மதியத்தில் அவள் படுத்திருக்கும்போது நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தால், தூக்கத்திலேயே காலை இழுத்துப் புடவைக்குள் மறைத்துக்கொள்கிறாள்.