முதுகில் இருந்த கதவு

கண்ணுக்குத் தெரியாத ஒன்றைத் தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளும் தொழில் எங்களுடையது. நுண்ணோக்கியில் குனிந்து குனிந்து கழுத்துப் பிடித்துக்கொண்டவர்கள் உங்களில் யாராவது இருந்தால், என் அனுதாபங்கள். எழுபதுகளில் தாம்பரத்தில் ஒரு ஆபீஸ் லேபில் நானும் கூட வேலைபார்த்த அருளப்பனும் தேடியது டைனோஃபிளாஜெல்லேட் கூடுகளை. பல கோடி வருஷங்களுக்கு முன் கடலில் மிதந்த ஓரணு உயிர், உறங்குவதற்காகத் தன்னைச் சுற்றிக் கட்டிக்கொண்ட கூடு அது. விழித்ததும் அதில் ஒரு கதவைத் திறந்துகொண்டு போய்விடும். கதவு எந்தப் பக்கம் என்று பார்த்துத்தான் இன்ன இனம் என்போம்.

வலிக்காத ஆசிட்

பாறைத் தூளைக் கரைத்தால்தான் கூடு கிடைக்கும். அதற்கான ஆசிட் கண்ணாடியையே தின்னும். பிளாஸ்டிக் மக்கில்தான் வைப்போம். புகைபோக்கி கிடையாது. பின்வராந்தாவில் காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செய்வோம்.

ஒருநாள் அருளப்பனின் ஓட்டைக் கையுறை வழியாக வலது ஆள்காட்டி விரலில் ஒரு சொட்டு இறங்கியது. பட்டவுடன் வலிக்காது, அதுதான் அந்த ஆசிட்டின் அயோக்கியத்தனம். சாயங்காலம் பம்மலுக்கு வீடு திரும்பும்போது பஸ்ஸிலேயே துடித்துப்போனான். பம்மல் தோல் பதனிடும் ஊர். கிளினிக்கில் டாக்டர் இல்லை. கம்பவுண்டர் விரலைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தோல் ஷெட் ஆளுங்க டெய்லி இத்தவிட மோசமா வெந்துகினு வர்றாங்க. இதுக்குப் போயி இன்னா சார் பேஜார் பண்றே."

பெயர்

ஆசிட் எலும்புவரை இறங்கியிருந்தது. அந்த வாரமே ஆஸ்பத்திரியில் விரலை எடுத்துவிட்டார்கள்.

அவன் கரைத்து வைத்த அதே தூளிலிருந்து நான் ஸ்லைடு போட்டபோது ஒரே ஒரு கூடு அகப்பட்டது, வயிற்றுப் பக்கம் கதவோடு. அந்த வகைக்குக் கதவு முதுகில்தான் இருக்கும். அப்படியானால் இது புது இனம். தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வது எங்கள் தொழிலில் வழக்கமில்லை. அதனால் கட்டுரையை நான் மட்டும் எழுதுவது, அவன் பெயரை வைப்பது என்று முடிவாயிற்று. அவன் மனைவி ஸ்டெல்லா டீச்சர் சர்ச் முழுக்கச் சொல்லிவிட்டாள். என்னிடம் சொன்னது இது: "விரல் போனது போகட்டும்ண்ணா. ஒரு பூச்சிக்காவது அவர் பேரு நிக்கட்டும்."

அக்னி நட்சத்திரம்

கூட்டை ஸ்லைடில் பதிப்பது கிளிசரின் ஜெல்லியில். மே மாத வெயிலில் அது இளகிவிடும். படம் வரைய ஸ்லைடை எடுத்தேன். கூடு புரண்டிருந்தது. கதவு முதுகில் இருந்தது, மற்ற எல்லாவற்றையும் போல.

இத்தனை நாளும் அது மல்லாந்து கிடந்திருக்கிறது. மெல்லிய வயிற்றை ஊடுருவித் தெரிந்த முதுகுக் கதவை, வயிற்றிலேயே இருப்பதாக நினைத்திருக்கிறோம். எங்கள் நுண்ணோக்கியில் பார்வையை மேலும் கீழும் குவிக்கும் திருகு தேய்ந்து வழுக்கும். எது மேலே, எது அடியில் என்று அதில் பிரிக்க முடியாது. இது ஸ்லைடுக்குப் பத்து கிடக்கிற சாதாரண இனம்.

புது இனம் என்றே எழுதி அனுப்பிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒரு மத்தியானம் முழுக்க நினைத்தேன். மனசு கேட்கவில்லை. அருளப்பனைக் கூப்பிட்டேன். நடுவிரலால் திருகைப் பிடித்து வெகுநேரம் பார்த்தான். தலையை நிமிர்த்தாமலே சொன்னான்: "சரிதான் மச்சான். ஸ்டெல்லாகிட்ட மட்டும் நீயே சொல்லிடு."

இத்தனைக்கும் பிறகு ஆபீஸிலிருந்து அருளப்பனுக்குக் கிடைத்தது ஓட்டையில்லாத ஒரு ஜோடி புதுக் கையுறை, பத்து விரலும் முழுசாக.