கெண்டைக்குப் பேன் பார்த்த தவக்காலம்

1. ஈரச் சாக்கு

எழுபதுகளின் கடைசியில் ஒரு மாசி மாதக் காலை. சவரிமுத்து அண்ணாச்சி ஈரச் சாக்கு ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு கோவில்பட்டியில் இருந்த எங்கள் மீன் ஆபீஸுக்குள் வந்தார். வணக்கம் சொல்லவில்லை. சாக்கை என் மேஜைமேல் அவிழ்த்தார். உள்ளே ஒரு மீன். தலை பெரியவர் தலை, உடம்பு சின்னப் பிள்ளை உடம்பு. செதில்களின் மேல் வட்ட வட்டமாகச் சிவந்த புண்கள்.

"பாருங்க சார், நீங்க குடுத்த பிள்ளைய" என்றார்.

கரிசல் காட்டில் மீன் ஆபீஸா என்று கேட்பீர்கள். அந்த ஊர்க்காரர்களே கேட்டார்கள். ஒற்றை அறை ஆபீஸ். பக்கத்து அறை தீப்பெட்டிக் குடோன். உள்ளே எட்டிப் பார்ப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் குச்சி விலை கேட்க வந்தவர்கள். அப்படி ஒரு வனாந்தரத்தில் நானாகப் பேசிப் பிடித்த ஒரே ஆள் சவரிமுத்து அண்ணாச்சி. பசுவந்தனைப் பக்கம் மானாவாரிப் பருத்தி போடுகிறவர்.

ஐப்பசி மழையில் கண்மாய் பெருகும், நான் தரும் மீன்குஞ்சுகளை விடுங்கள், ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் பிடியுங்கள், வெள்ளிக்கிழமை கறி தின்னாத வேதக்கார ஊர் உங்கள் மீனைத்தான் தின்றாக வேண்டும் என்று அவரைக் கரைத்திருந்தேன். என் பேச்சை நம்பி மனிதர் உழவு காளை இரண்டையும் விற்று ஊர்க் கண்மாயை ஏலத்தில் குத்தகைக்கு எடுத்துவிட்டார். மீன் விற்றால் காளை திரும்பும். விற்காவிட்டால் அடுத்த விதைப்புக்கு ஏரில் அவரும் நானும்தான் பூட்டிக்கொள்ள வேண்டும்.

தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனுக்கு ஒரு வாரம்தான் இருந்தது.

2. லாம்பு சார்

அவரோடு பஸ் ஏறிக் கண்மாய்க்குப் போனேன். கரையில் பாதி ஊர் நின்றது. வலையில் வந்து கரையில் செத்துக் கிடந்த மீன்களிலும் பலவற்றுக்கு அதே வட்டப் புண்.

எனக்கு அப்போது பயிற்சி முடித்த சூடு ஆறவில்லை. பாடப் புத்தகத்தில் ஒரு படம் உண்டு. பாம்பு போல நீளமாக ஒரு பிராணி. தாடை கிடையாது. வாய் வட்டம், சுற்றிலும் பல். இன்னொரு மீனின் மேல் ஒட்டிக்கொண்டு ரத்தத்தை உறிஞ்சும். வெளிநாட்டுப் பெரிய ஏரிகளில் மீன் வளத்தையே தின்று தீர்த்தது என்று வாத்தியார் சொல்லியிருந்தார். வட்டப் புண்ணைப் பார்த்ததும் எனக்கு அந்த வட்ட வாய் ஞாபகம் வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, "இது லாம்ப்ரே" என்று அறிவித்தேன்.

கரையில் நின்ற ஒருவர், லாம்பு தெரியும், அரிக்கேன் லாம்பு, அது என்ன ரே என்று கேட்டார். வீட்டில் தெலுங்கு பேசும் இன்னொருவர் விளக்கம் கொடுத்தார்: "எங்க பேச்சுல ரேன்னா ஏலேன்னு அர்த்தம். சார் லாம்பைக் கூப்புடுதாரு போல."

அன்று சாயங்காலத்துக்குள் என் பேர் லாம்பு சார் ஆகிவிட்டது.

பேரோடு போயிருந்தால் பரவாயில்லை. பாம்பு போன்ற பிராணி என்று நான் சொன்னதை நம்பிப் பத்துப் பேர் கண்மாயில் இறங்கி, சேற்றில் சிவனே என்று கிடந்த ஒரு விலாங்கைப் பிடித்துக் கம்பால் அடித்து என் காலடியில் போட்டார்கள். நானும் கொலைகாரனைப் பிடித்துவிட்ட திருப்தியோடு அதை ஒரு ஜாடியில் போட்டுக் கெடாமல் இருக்க ஃபார்மலின் ஊற்றினேன்.

அடுத்த வினை மீனின் பேரில் வந்தது. குஞ்சு விட்டபோதே, இது கட்லாக் கெண்டை, இது ரோகுக் கெண்டை என்று ஒவ்வொன்றாகப் பேர் சொல்லி அறிமுகப்படுத்தியிருந்தேன். இப்போது ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. பேரே ரோகு, ரோகம் இல்லாமல் இருக்குமா, சர்க்கார் தெரிந்துதான் பேர் வைத்திருக்கிறது என்று பேச்சு கிளம்பியது. பக்கத்து ஊருக்குப் போனபோது அது குஷ்டம் ஆகியிருந்தது. தவக்கால முதல் வெள்ளிக்கு இரண்டு கூடை எடுப்பதாகச் சொல்லியிருந்த புதியம்புத்தூர் தையல்காரர்கள், வேண்டாம் என்று ஆள் விட்டுச் சொன்னார்கள்.

அண்ணாச்சி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் ராத்திரி கொஞ்சம் தூங்கியிருப்பேன்.

3. எனாமல் பேசின்

ஜாடியோடு திருநெல்வேலிக்குப் போய் எங்கள் இன்ஸ்பெக்டர் முன்னால் வைத்தேன். அவர் பேச்சில் சிரிப்பு இருக்கும், முகத்தில் இருக்காது. பென்சிலால் விலாங்கின் வாயைத் திறந்தார்.

"இது என்னப்பா?"

"தாடை சார்."

"லாம்ப்ரேக்குத் தாடை உண்டா?"

"கிடையாது சார்."

"அப்ப செத்துக் கிடக்கிறது யாரு?"

"விலாங்கு சார்."

"லாம்ப்ரே குளிர்ந்த தண்ணியில கிடக்கிறது. உன் கண்மாய்க்கு வந்துச்சுன்னா, நாம அதுக்குத்தான் வைத்தியம் பாக்கணும்" என்றார். மறுநாள் அவரே கிளம்பி வந்தார்.

வந்தவர் புண்ணைப் பார்க்கவில்லை. அண்ணாச்சியின் மனைவி அந்தோணியம்மாளிடம் வெள்ளை எனாமல் பேசின் ஒன்றைக் கேட்டு வாங்கி, அதில் தண்ணீர் விட்டு உயிர் மீன் ஒன்றைப் போட்டார். கொஞ்ச நேரத்தில் மீன்மேலிருந்து துவரம்பருப்புத் தொலி மாதிரி என்னவோ கழன்று நீந்தியது. இன்னொன்று. பிறகு நாலைந்து. கண்ணாடி போல உடம்பு, இரண்டு கரும்புள்ளிக் கண். செத்த மீனைச் சாக்கிலும் கரையிலும் மட்டும் பார்த்த எனக்கு இது எப்படித் தெரியும்? செத்த வீட்டில் விருந்தாளி தங்குவானா?

"பேன்" என்றார் இன்ஸ்பெக்டர்.

முடி இல்லாத ஜென்மத்துக்குப் பேன் எப்படி வரும் என்று அண்ணாச்சி கேட்டார். அந்தோணியம்மாள் சிரித்துவிட்டார். "பேன்தானா? இதுக்கா ஊரு இம்புட்டு ஆட்டம் போட்டுச்சு? பேன் இல்லாத தலை இந்த ஊர்ல எது, சொல்லுங்க பாப்போம்."

அடுத்து இன்ஸ்பெக்டர் ஒரு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டித் தண்ணீரில் இறக்கினார். ஒரு சாண் ஆழத்தில் தட்டு காணாமல் போனது. கரிசல் மண் கரைந்து தண்ணீர் கருப்பட்டிக் காப்பி போலக் கிடந்தது. வெயில் உள்ளே இறங்காது. வெயில் இல்லாவிட்டால் தண்ணீரில் பாசி பிடிக்காது. பாசியும் அதை மேயும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகளும்தான் மீனுக்குச் சாப்பாடு. மீன்கள் பட்டினி. பட்டினி கிடக்கும் உடம்பில்தான் பேன் கொடி நாட்டும். இவ்வளவையும் இன்ஸ்பெக்டர் ஒரே வரியில், கண்மாயில் பாசி இல்லை என்று சொன்னார்.

அண்ணாச்சி திகைத்துவிட்டார். "ஏலத்துல மீன்பாசி குத்தகைன்னுல்லா கூப்புட்டாவ? பாசி இல்லன்னா பாதி துட்டைத் திருப்பித் தருவாவளா சார்?"

இன்ஸ்பெக்டர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

வைத்தியம் சுலபமாக இருந்தது. அறுவடை முடிந்து காட்டில் கிடக்கும் காய்ந்த பருத்திக் குச்சியை, பருத்திமாரை, கட்டுக் கட்டாகக் கட்டித் தண்ணீரில் நட்டுவைக்கச் சொன்னார். பேன் தன் முட்டையை அதில் ஒட்டும். சில நாளில் கட்டுகளை வெளியே எடுத்து வெயிலில் போட்டால் முட்டை காய்ந்துவிடும், பருத்திமார் அடுப்புக்கு ஆகும். கலங்கல் அடங்கிப் பாசி பிடிக்கக் கரையோரம் சாணம் கரைத்துவிட வேண்டும். பாதி மீனை இப்போதே பிடித்துவிட வேண்டும். அப்போதுதான் மிச்சம் இருப்பதற்கு இரை போதும். பேன் கடித்த மீனைக் கழுவிக் குழம்பு வைத்துத் தின்னலாம், மனுஷனுக்கு ஒன்றும் செய்யாது.

எல்லாம் சரி. அந்தப் பாதி மீனை யார் வாங்குவார்கள்?

4. முதல் வெள்ளி

மாதா கோயில் தெருவில் கூடையை இறக்கினோம். பூசை முடிந்து ஜனம் வந்தது, கூடையைச் சுற்றி நின்றது, வாங்கவில்லை. பேன் என்று தெரிந்ததும் குஷ்டப் பயம் பாதி இறங்கியிருந்தது. மீதிப் பாதி ரோகுவில் ஒட்டிக்கொண்டிருந்தது. கடைசியில் ஒருவர் சாவகாசமாக, "லாம்பு சார் முதல்ல தின்னு காட்டட்டும். பெறகு நாங்க வாங்குதோம்" என்றார்.

நியாயமான கோரிக்கை. அதில் ஒரே ஒரு சிக்கல். நான் பிறந்ததிலிருந்து மீன் தின்றதில்லை. எங்கள் வீட்டில் வாங்க மாட்டார்கள். மீன் ஆபீஸில் வேலைக்குச் சேர்வதற்கு அது ஒரு தகுதிக் குறைவு என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

அந்தோணியம்மாள் வீட்டிலிருந்து தட்டில் சோறும் குழம்பும் கொண்டுவந்தார். அண்ணாச்சி என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். கத்தரிக்காயை எடுப்பது போல ஒரு துண்டை முழுசாக எடுத்து வாயில் போட்டு, இரண்டு மெல்லு மென்று விழுங்கினேன்.

தொண்டையில் என்னமோ குத்தி நின்றது. இருமினேன். மறுபடி இருமினேன். மூச்சு திணறி முகம் சிவந்து கண்ணீர் கொட்டியது. கூட்டம் இரண்டடி பின்னால் போனது. ஒரு பெண் சிலுவை போட்டுக்கொண்டார். அண்ணாச்சியின் காளைகள் இரண்டும் என் கண்ணீருக்குள் நீந்தித் தூரமாகப் போய்க்கொண்டிருந்தன.

அந்தோணியம்மாள் என் முதுகில் ஓர் அறை வைத்தார். வெறுஞ்சோற்றை எலுமிச்சை அளவு உருட்டி வாயில் திணித்தார். "மெல்லாதீங்க. அப்படியே முழுங்குங்க."

விழுங்கினேன். அது இறங்கியது. மூச்சு வந்தது. தெருவே என் வாயைப் பார்த்தது.

"முள்ளு" என்றேன்.

தின்னு காட்டச் சொன்ன அதே ஆள், பக்கத்தில் இருந்தவர் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "ஏலே, சாருக்கு மீன் திங்கத் தெரியலலே!"

தெரு வெடித்துச் சிரித்தது. பூசை உடுப்பை மாற்ற உள்ளே போயிருந்த பங்குச் சாமியார் என்னவோ ஏதோ என்று வெளியே வந்துவிட்டார். மீனில் ஒன்றும் இல்லை, ஆளில்தான் கோளாறு என்று ஊர் தீர்ப்புச் சொல்லிவிட்டது. கூடை காலியானது. சின்னப் பிள்ளைகள்கூட என் கண்முன்னால் முள் எடுக்கும் விதத்தைச் செய்து காட்டிவிட்டுப் போனார்கள். இரண்டாம் வெள்ளிக்குப் புதியம்புத்தூர்க்காரர்களும் வந்தார்கள். மூன்றாம் வெள்ளியில் மீனுக்குக் கொஞ்சம் சதையும் வந்திருந்தது. அண்ணாச்சி ஆடிக்கு முன்னால் தொழுவத்தில் காளை கட்டினார். நான் நிம்மதியாக மூச்சு விட்டேன், முள் இல்லாத மூச்சு.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். மீனைத் தண்ணீரில் பாருங்கள், சாக்கில் பார்க்காதீர்கள். கண்டதை ஊர்க்காரர் வீட்டில் புழங்கும் சொல்லில் சொல்லுங்கள். லாம்ப்ரே என்றால் விலாங்கு சாகும், பேன் என்றால் ஜனம் சிரிக்கும். சிரித்த ஜனம் வாங்கும்.

அந்த முதல் வெள்ளியன்று பஸ் ஏற்றிவிட வந்த சவரிமுத்து அண்ணாச்சி, பஸ் கிளம்பும்போது ஜன்னல் பக்கம் வந்து மெதுவாகச் சொன்னார்: "அடுத்த வெள்ளிக்கும் வந்துருங்க சார். திங்காண்டாம். சும்மா கூடைகிட்ட நின்னா போதும்."